தலைக்கா, மேலுக்கா

ஆடி 2, வெள்ளி

நேற்று மருமகள் தாரணியை ஆடிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். சாத்தூரிலிருந்து அவளுடைய அப்பாவும் அம்மாவும் தட்டு வரிசையோடு வந்திருந்தார்கள். கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் ஆடி வந்துவிட்டது. முறை என்றால் முறைதான். போகும்போது என் காலில் விழுந்தாள், விபூதி பூசிவிட்டேன். வீட்டில் சிரிக்காத பெண், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவள் அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என்ன சொல்லியிருப்பாள்?

இன்றைக்குக் காலையில் என் சின்னவன் முத்துவேல் இட்லியைப் பிட்டுக்கொண்டே, "அம்மா, பாத்ரூம்ல ஷவர் வைக்கப் போறேன். தாரணி வர்றதுக்குள்ள வேலைய முடிச்சிரணும்" என்றான்.

அருப்புக்கோட்டையில் குழாயில் தண்ணீர் வந்தால் அன்றைக்குத் திருவிழா. அண்டா, குடம், தூக்குவாளி, டம்ளர் வரைக்கும் பிடித்து வைக்கிற ஊர் இது. இந்த ஊரில் ஷவராம்.

"வாளியும் சொம்பும் என்னடா பாவம் பண்ணுச்சு?"

"எல்லார் வீட்லயும் வைக்கிறாகம்மா."

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லும்போது தட்டைத்தான் பார்ப்பான். ஆடியில் யாராவது வீட்டு வேலை ஆரம்பிப்பார்களா என்று கேட்டேன். ஆடியில்தான் பிளம்பர் சும்மா இருப்பார், கூப்பிட்ட உடனே வருவார் என்றான். ஆக, யோசித்து வைத்துக்கொண்டுதான் பேச்சை எடுத்திருக்கிறான். பக்கத்தில் இவர், என் வீட்டுக்காரர், வாயே திறக்கவில்லை. மில் சத்தத்தில் இவருக்குக் காது பாதி போய்விட்டது. மீதிப் பாதியையும் தேவைப்பட்டால்தான் உபயோகிப்பார்.

ஆடி 3, சனி

யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஒரு பெண் புகுந்த வீட்டில் நகை கேட்கலாம், தனி பீரோ கேட்கலாம், ஏசி கேட்கலாம். ஷவர் எதற்கு? நெருப்பில்லாமல் புகையாது.

தங்கச்சி அமுதாவுக்குப் போன் போட்டேன். "தோல் வியாதி ஏதும் இருக்குமாக்கா? சொம்பு பட்டா எரியுமோ என்னமோ" என்றாள். எனக்குப் பகீர் என்றது. ஆனால் அப்படியும் சொல்ல முடியாது, அந்தப் பெண்ணின் கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

குளிப்பதில் அவளிடம் ஏதோ கோளாறு இருக்கிறது, அது மட்டும் நிச்சயம். வந்த புதிதில் மற்றவர்களைப் போல மொண்டு மொண்டு ஊற்றிக் குளித்தாள். போகப் போகச் சத்தமே இல்லை. உள்ளே தண்ணீர் ஊற்றுகிறாளா, சும்மா நின்றுவிட்டு வருகிறாளா என்று எனக்கே பிடிபடவில்லை. எனக்கே என்று ஏன் சொல்கிறேன் என்றால், நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். டிரங்க் கால் போர்டில் உட்கார்ந்து, காதில் மாட்டிய கருவியோடு பாதி ஆயுளைக் கழித்தவள். அங்கே ஷிப்ட் முடிந்ததும் டைரி எழுதிய பழக்கம்தான் இன்னும் கையை விடவில்லை. நான் யாரையும் ஒட்டுக் கேட்கிறவள் இல்லை. காதில் விழுவதற்கு நான் என்ன செய்ய முடியும்? அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும் ஒரே சுவர். காய் நறுக்க எனக்குத் தோதான இடம் பாத்ரூம் வாசலுக்கு எதிரே இருக்கிற ரேழிதான், அங்கேதான் காற்று வரும்.

வெளியே வருகிறவர்களிடம் "தலைக்கா ஊத்துன, மேலுக்கா?" என்று கேட்பேன். மேலுக்கு என்றால் உடம்போடு சரி; தலைக்குக் குளித்தால் சாம்பிராணி போட வேண்டும், சளி பிடிக்காமல் மிளகு ரசம் வைக்க வேண்டும். அக்கறை உள்ளவள் கேட்பாள். தாரணி ஒரு திங்கட்கிழமை விடிந்ததும் தலைக்கு ஊற்றினாள். வெள்ளியும் இல்லை, செவ்வாயும் இல்லை, இன்றைக்கு எதற்கு என்று சாப்பிடும்போது கேட்டேன். முகம் சிவந்து எழுந்து போய்விட்டாள். முத்துவேலும் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

ஆனி கடைசியில் அவள் மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றியதும், அமுதாவுக்குப் போனில் "இந்த மாசம் இல்லடி" என்று தகவல் சொன்னேன். திரும்பினால் அடுப்படி வாசலில் தாரணி நிற்கிறாள். சொந்தச் சித்திதானே அமுதா, ஊராரிடமா சொன்னேன்?

பெரியவன் ஜெயபால் பெண்டாட்டி வித்யாவும் இப்படித்தான். ஆடிக்குப் போனாள், ஆவணியில் வந்து ஒரு வாரம் இருந்தாள், அப்புறம் ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது என்று ரெண்டு பேரும் மூட்டையைக் கட்டிவிட்டார்கள். பொங்கலுக்கு வந்தால்கூட லாட்ஜில் தங்குகிறார்கள். தாரணியும் போய்விட்டால் முத்துவேல் மட்டும் இங்கே இருப்பானா? நாங்கள் ரெண்டு கிழடுகளும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஆடி 5, திங்கள்

ஷவர்தானே வேண்டும், அதை நானே முடித்து வைக்கிறேன் என்று மோட்டார் ரிப்பேர் பார்க்கிற மாரிச்சாமியைக் கூப்பிட்டேன். முத்துவேல் கூட்டுறவு சொசைட்டிக்கு வேலைக்குப் போன பிறகு வந்தான். "அரை மணி நேர வேலைதான் ஆத்தா" என்றான். இருக்கிற குழாயிலிருந்து சுவருக்கு வெளியே ஒரு பைப்பை ஏற்றி, ஆணி அடித்து, மேலே ஒரு பிளாஸ்டிக் பூவை மாட்டினான். திறந்தால் நடுவில் ரெண்டு துளையில் மட்டும் தண்ணீர் வந்தது. ஓரத்தில் இருந்து ஒரு துளை பீய்ச்சி நேராக லைட் சுவிட்சில் அடித்தது. மாரிச்சாமி செருப்பை மாட்டிக்கொண்டு நாளைக்கு வருகிறேன் என்று போனவன்தான்.

முத்துவேல் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "செத்துப் போவோம்மா. முறையா செய்யிறவர நான் கூட்டிட்டு வாரேன். நீங்க தயவுசெஞ்சு இதுல தலையிடாதீக."

தலையிடாதே என்று என்னிடம் அவன் சொன்னது இதுதான் முதல் தடவை. யார் சொல்லிக் கொடுத்தது?

ஆடி 7, புதன்

பிளம்பர் வந்தார். காஜா பாய் என்று பெயர். வெற்றிலை வாய், நரைத்த தாடி, சட்டைப் பையில் பென்சில். பேச்சு கொஞ்சம் நீளம். வந்ததும் வேலையை ஆரம்பிப்பார் என்று பார்த்தால், குழாயைத் திறந்து வாளியை வைத்துவிட்டு, அது நிரம்புகிறவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்புறம் மொட்டை மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"தொட்டி தரையோட தரையா உக்காந்திருக்குக்கா. இதுல ஷவர் வச்சா தண்ணி அழுதுகிட்டு வரும். தொட்டிய ஆளுயரத்துக்குத் தூக்கணும். தனி பைப்பு எறக்கணும். சுவர வெட்டி உள்ள பைப்ப வச்சு, ஓதம் ஏறாம பூச்சு பூசி, அதுக்கு மேலதான் டைல்ஸ்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஒரு பூ மாட்டுவதற்கு வீட்டையே இடிக்கச் சொல்கிறாரே, வேலையைப் பெருக்குகிறார் என்று எனக்குப் பட்டது. "மாரிச்சாமி அரை மணி நேரத்துல மாட்டுனான் பாய்" என்றேன். சுவிட்ச் பக்கம் கருகியிருந்த இடத்தைப் பார்த்தார். "மாட்டுனத பாத்தேங்க்கா" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி: "பொம்பளையாளுக தெனமும் தலை நனைக்க மாட்டாகள்ல? மேலுக்கு மட்டும் ஊத்திக்கிற மாதிரி கையில புடிக்கிற ஷவரும் ஒண்ணு வச்சிருவோமா?"

இந்த வீட்டில் தலைக்கா மேலுக்கா என்பது பாய்க்கு எதற்கு? தொழிலுக்காகக் கேட்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் போகும்போது வாசல் கேட்டுக்கு வெளியே இவரோடு நின்று ரொம்ப நேரம் பேசினார். இவரிடம் கத்திப் பேசினால்தான் கேட்கும். பாய் கத்தவில்லை, காதுக்குள்ளே குனிந்து பேசினார். இவரும் தலையை ஆட்டினார். "என்ன பேசுனீக?" என்று கேட்டால், "டைல்ஸ் கலரு" என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு புடவையின் கலரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத மனுஷன்.

ஆடி 8, வியாழன்

ஆடி அமாவாசை. வேலை இல்லை. காக்கை கூட இன்றைக்குச் சோற்றை எடுக்க யோசித்தது.

ஆடி 10, சனி

சுவரை வெட்டுகிறார்கள். வீடு முழுக்கப் புழுதி. அப்பளம் வரைக்கும் நறநற என்கிறது. ரேழியில் இருந்த என் நாற்காலியை எடுத்து முன்னறையில் போட்டுவிட்டார்கள். அங்கே உட்கார்ந்தால் தெரு தெரிகிறதே தவிர வீடு தெரியவில்லை.

பழைய பைப்பை உருவிக் காட்டினார் பாய். உள்ளே துரு ஏறி ஒரு விரல் நுழையவில்லை. இதில்தான் இத்தனை நாள் தண்ணீர் வந்ததா என்று அதிசயமாக இருந்தது. ஆனால் அந்தப் பைப் எங்கள் வீட்டுப் பைப்தானா, கையோடு கொண்டுவந்து காட்டுகிறாரா என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன்.

இவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பாயின் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஓசூரில் பேரன் பிறந்ததைக்கூட இவ்வளவு அக்கறையாகப் பார்க்கவில்லை.

ஆடி 12, திங்கள்

பாத்ரூம் இல்லாததால் மூன்று நாளாகக் கொல்லையில் சேலையைக் கட்டிவிட்டுக் குளிக்கிறோம். இன்றைக்கு நான் ரெண்டு சொம்பு ஊற்றியிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு ஜெகதா குரல் கேட்கிறது.

"என்ன தவமணிக்கா, திங்கக்கெழம தலைக்கு ஊத்துற மாதிரி இருக்கு? நேத்து மேலுக்குத்தான ஊத்துனீக? எங்கயும் தீட்டு வீட்டுக்குப் போயிட்டு வந்தீகளா?"

அப்படியே கையில் சொம்போடு நின்றுவிட்டேன். உடம்பெல்லாம் கூசிவிட்டது. சுவர் இருக்கிறது, சேலை கட்டியிருக்கிறது, ஆனாலும் அவள் எதிரே வந்து நின்றது போல இருந்தது. நான் தலைக்கு ஊற்றினால் இவளுக்கு என்ன, மேலுக்கு ஊற்றினால் இவளுக்கு என்ன? நேற்றைய கணக்கு வேறு வைத்திருக்கிறாள். அடுத்தவள் குளிப்பதைக் காது கொடுத்துக் கேட்பதும் ஒரு பிழைப்பா? புழுதி போகத் தலையை அலசினேன் என்று பதில் சொல்லிவிட்டேன். அப்புறம், எதற்குப் பதில் சொன்னேன் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

மீதித் தண்ணீரை ஓசைப்படாமல் தோளில் வைத்து வடித்துக்கொண்டு வந்துவிட்டேன். நாளையிலிருந்து ஜெகதா மார்க்கெட் போன பிறகுதான் குளியல்.

ஆடி 14, புதன்

இன்றைக்குப் பைப் எல்லாம் பூட்டிவிட்டுத் தண்ணீரை அடைத்து, முள் வைத்த ஒரு கருவியைக் கைப்பம்பு மாதிரி அழுத்தினார் பாய். முள் ஒரே இடத்தில் நின்றால் பைப்பில் ஒழுக்கு இல்லை, அதன் பிறகே சுவரை மூடலாமாம். முள் மெள்ள இறங்கியது. எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லை. பாய் ஒவ்வொரு மூட்டாகத் துணியால் துடைத்துப் பார்த்தார்.

நான் போய்ச் சுவரில் காதை வைத்தேன். எண்ணெய்ச் சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது போல ஒரு சீறல். "இந்தா, இந்த வளைவுல" என்று தொட்டுக் காட்டினேன். பாய் அந்த மூட்டைக் கழற்றினார். அதில் பசை சரியாகப் பிடிக்கவில்லை. "யக்கா, என்ன காதுக்கா இது! நீங்க வேலைக்கு வாரீகளா?" என்றார்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. "இந்தச் சுவரு பேசுறது எனக்கு அத்துப்படி பாய். உள்ள யாரு குளிக்கிறா, சுடுதண்ணியா பச்சத்தண்ணியா, தலைக்கா மேலுக்கா, எல்லாம் அடுப்படில இருந்தே சொல்லிருவேன். தலைக்கு ஊத்துனா தண்ணி நிதானமா, தொங்கலா விழும். மேலுக்குன்னா பளார் பளார்னு விழும்."

பாய் பசை டப்பாவை மூடினார். "மருமக குளிக்கிறதுமாக்கா?"

"ஆமா. ஏன்?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். டீ கொடுத்தேன், முகத்தைப் பார்க்காமல் வாங்கினார். நான் என்ன தப்பாகச் சொன்னேன்? ஒழுக்கைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு இதுவா மரியாதை?

ஆடி 16, வெள்ளி

சுவரில் மேலே வட்டமாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டேன். எக்ஸாஸ்ட் ஃபேனாம். பாத்ரூம் கதவும் மாறுகிறது. பழைய தகரக் கதவுக்குப் பதில் கனமான கதவு, அடியில் இடுக்கு இல்லாமல் ரப்பர் வைத்தது.

"ஷவர் வைக்கத்தான வந்தீக? ஃபேன் எதுக்கு, கதவு எதுக்கு?"

"ஈரம் காயணும்லக்கா."

"பாய், ஒங்க பிள்ளைக மேல சத்தியமா சொல்லுங்க."

பாவம், அவர் வெற்றிலையை மென்று விழுங்கியே விட்டார். "உள்ள சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னு சொன்னாகக்கா" என்றார்.

அப்படியா சேதி! உள்ளே இருந்துகொண்டு போனில் பேசப் போகிறாளோ? யாரிடம்? அம்மாவிடம் என் குறையைச் சொல்லவா, இல்லை வேறு யாரிடமுமா? பாயைத் தனியாகக் கூப்பிட்டு, "ஃபேன மட்டும் விட்ருங்க. அந்த ஓட்டைய அடைச்சிருங்க. எனக்கு அந்த எரைச்சல் ஒத்துக்காது, தலைவலி வரும். எம் மகன்ட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

"அது இல்லாம முடியாதுக்கா" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நான் சொன்னேன்னு சொல்லிராதீக. தம்பி என்னய மொதல்ல கூட்டிட்டுப் போனது ஒங்க வீட்டுக்கு இல்ல. சொக்கலிங்கபுரத்துல ஒரு வாடகை வீட்டுக்கு. அங்க பாத்ரூம் சரியில்ல, சரி பண்ண முடியுமான்னு பாக்கச் சொன்னாரு. அப்பறந்தான் அது இருக்கட்டும், எங்க வீட்ட பாருங்கன்னு இங்க வந்தோம். இங்க இது சரியா அமஞ்சாத்தான் அந்த வீடு வேண்டாம்னு சொல்வாரு போலருக்கு. நான் வேலைய அரகொறையா விட்டா பாவம் எனக்குத்தான் வரும்" என்றார்.

வாடகை வீடு. நடந்தே போய்விடுகிற தூரத்தில் தனிக்குடித்தனம். ஓசூர் என்றால்கூட ஊராரிடம் வேலை என்று சொல்லிக்கொள்ளலாம். பக்கத்துத் தெருவுக்கு என்ன காரணம் சொல்வேன்?

இன்றைக்கு ஆடி வெள்ளி. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். நான் போகவில்லை.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தேங்காய்ச் சோறு எல்லாம் கிளறினேன். தின்ன மூன்று பேர். முத்துவேல் டப்பாவில் கொஞ்சம் அடைத்துக்கொண்டு சாத்தூருக்குப் பஸ் ஏறினான். புருஷன் பெண்டாட்டியை ஆடியில் பிரித்து வைக்க வேண்டும் என்பார்கள். இவன் ஞாயிறுதோறும் சாத்தூரில் இருக்கிறான். பிரித்து வைத்தது என்னைத்தான்.

அவன் போய்ச் சேருவதற்கு முன்னால் தாரணிக்கே போன் போட்டேன். நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

"ஏம்மா, ஒனக்கு இந்த வீட்டுல என்ன கொறை? எதுக்கு ஷவர் கேட்ட?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. கூப்பிட்டவர்கள் பேச முடியாமல் நிற்கிற மௌனம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எத்தனை சாவுச் செய்திக்கு லைன் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

"ஷவரா? நான் எதுவும் கேக்கல அத்தை" என்றாள். "சத்தியமா நான் கேக்கல. அங்க வேலை நடக்குதுன்னே எனக்குத் தெரியாது. நான் எதும் தப்பு பண்ணிட்டேனா அத்தை?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்" என்று சொன்னேன். "எப்ப வர்ற?" என்றேன். அவளுடைய அம்மா போனை வாங்கி, ஆவணி பிறக்கட்டும் சம்பந்தி, பார்ப்போம் என்றாள். பார்ப்போமாம்.

பொய் சொல்கிற குரல் இல்லை அது. குரலில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. அப்படியானால் கேட்டது யார்?

ஆடி 19, திங்கள்

இவர்தான்.

கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்று, "ஷவர் வைக்கச் சொன்னது யாரு?" என்று கத்திக் கேட்டேன். ஜெகதாவுக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும். இவர் சொம்பைக் கீழே வைத்தார்.

"நாந்தான். முத்துவேல் வாடகை வீடு பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொன்னான். நாந்தான் பொறுடா, ஷவர வச்சுப் பாப்போம்னேன்."

"ஒங்களுக்கு எதுக்கு இந்த வேல? அவ எதுக்குப் போறாளாம்?"

இவர் எப்போதும் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர். இன்றைக்கு மூச்சு வாங்கப் பேசினார். "வித்யா போற அன்னிக்கு எங்கிட்ட அழுதுச்சு. 'இந்த வீட்ல குளிக்கப் போறதுக்கே பயமா இருக்கு மாமா'ன்னுச்சு. எனக்கு அப்ப வெளங்கல. நீ ஏதோ தண்ணிய வீணாக்குறாள்னு வையிற போலன்னு விட்டுட்டேன். இந்தப் புள்ள வந்த பெறகுதான் தெரிஞ்சுச்சு. காலைல நான் இங்க நின்னு பல்லு வெளக்குவேன்ல? பாத்ரூம் தண்ணி இந்தச் சாக்கடைலதான வரும்? மொதல்ல நல்லா வந்துச்சு. அப்பறம் நூலு மாதிரி வந்துச்சு. உள்ள அந்தப் புள்ள சத்தம் கேக்கக்கூடாதுன்னு சுவத்தோரமா ஒடம்புல தண்ணிய வடிச்சுக்கிட்டு நிக்கிது. எனக்குக் காது கேக்காது. அந்தத் தண்ணியப் பாத்தாலே தெரியிது."

"நான் என்ன செஞ்சேன்? அடிச்சேனா? சோறு போடலியா? ஒரு வார்த்த கேட்டேன். வீட்ல இருக்கிறவ கேக்காம ரோட்ல போறவளா கேப்பா?"

"கேட்டதுதான்" என்றார். "ஆவணில அந்தப் புள்ள வந்து கொஞ்ச நாளு இருந்து பாக்கும். இருந்தா நம்ம வீட்ல இருக்கும். இல்லாட்டி ரெண்டும் சொக்கலிங்கபுரம் போயிரும். அதுக்கு மேல ஒம் பாடு."

சொம்பை எடுத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விட்டார். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவர், பிள்ளையோடும் பாயோடும் சேர்ந்துகொண்டு எனக்குத் தெரியாமல் வேலை பார்த்திருக்கிறார். மருமகளைச் சந்தேகப்பட்டேன், பிளம்பரைச் சந்தேகப்பட்டேன், செத்துப்போன பைப்பைக்கூடச் சந்தேகப்பட்டேன். இந்த ஒரு ஆளைத்தான் விட்டுவிட்டேன்.

ஆடி 20, செவ்வாய்

வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. பருப்பு தீய்ந்துவிட்டது.

ஆடி 23, வெள்ளி

பூச்சு காய்ந்துவிட்டது. டைல்ஸ் ஒட்டுகிறார்கள். நல்ல இளம்பச்சை. இவர் டைல்ஸ் கலர் என்று சொன்னது முழுப் பொய்யும் இல்லை போலிருக்கிறது.

பாய் வந்து, "ஃபேன் ஓட்டைய என்னக்கா செய்ய?" என்று கேட்டார். அவர் இதை என்னிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, முத்துவேல் சொன்னபடி மாட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனாலும் கேட்டுவிட்டு நின்றார்.

"மாட்டுங்க" என்றேன். இல்லாவிட்டால் சுவரில் பாசி பிடிக்கும். அதற்காகத்தான் சொன்னேன்.

"சத்தம் கம்மியா ஒண்ணு இருக்கு, கொஞ்சம் கூடுதலா ஒண்ணு இருக்கு. எத மாட்டட்டும்?"

அடுப்படிக்குப் போனேன். உப்பு டப்பாவைத் தேடினேன், கையில்தான் இருந்தது. திரும்பி வந்து, "கூடுதலா இருக்கிறதயே மாட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். பாய் தலையை ஆட்டினார். அவருக்குக் காப்பியில் சர்க்கரை தூக்கலாகப் போட்டேன்.

ஆடி 27, செவ்வாய்

வேலை முடிந்தது. தொட்டி மேலே ஏறிவிட்டது, கதவு மாட்டியாகிவிட்டது. பாய் தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, ஒரு சொட்டு தேங்காமல் ஓடுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் சாமான்களைக் கட்டினார். இவர் முதல் ஆளாகத் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ரொம்ப நேரம் வரவே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. கதவைத் தட்டினேன், கேட்கவில்லை. பலமாகத் தட்டினேன்.

உள்ளிருந்து, "குளிக்கிறேன்" என்றார்.

அவ்வளவுதான். வெளியே வந்தபோது விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிருந்தது, முகம் கல்யாணத்தன்று பார்த்த மாதிரி இருந்தது. இவரிடமும்தான் நான் இத்தனை வருஷமாகத் தலைக்கா மேலுக்கா என்று கேட்டு வந்திருக்கிறேன். இன்றைக்குக் கேட்க வாய் வரவில்லை.

ஆவணி 1, ஞாயிறு

மாதம் பிறந்துவிட்டது. சாத்தூரிலிருந்து தகவல் இல்லை. முத்துவேலிடம் கேட்கவும் பயமாக இருக்கிறது.

ஆவணி 4, புதன்

தாரணி வந்துவிட்டாள். முத்துவேல் போய் அழைத்து வந்தான். ஆரத்தி சுற்றினேன். கொஞ்சம் மெலிந்த மாதிரி தெரிகிறாள். பையை உள்ளே வைத்துவிட்டுப் பாத்ரூமைப் போய்ப் பார்த்தாள். சுவரைத் தடவினாள், கதவைச் சாத்தித் திறந்தாள், ஃபேனைப் போட்டுப் பார்த்து மறுபடி அணைத்தாள். முத்துவேல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இவரும் பேப்பருக்கு மேலாகப் பார்த்தார். வீடு மொத்தமும் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. நானும்தான்.

"நல்லாருக்கு" என்றாள்.

இது போதாது. அவள் இருப்பாளா என்பது நாளைக்குத்தான் தெரியும்.

ஆவணி 5, வியாழன்

காலையில் குளிக்கப் போனாள். ஃபேன் ஓடியது, தண்ணீர் ஓடியது, ரெண்டும் சேர்ந்து ஒரே இரைச்சல். நான் அடுப்படியில் தோசை மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். காதைக் கொடுக்கவில்லை என்று எழுதினால் அது பொய். கொடுத்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. உள்ளே அவள் பாடினாளோ, அழுதாளோ, எனக்குத் தெரியாது. அடுத்தவர் குளிப்பது தெரியாமல் இந்த அடுப்படியில் நிற்பது எனக்குப் புதிது. கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கேட்கக் கூடாது, கேட்கவே கூடாது என்று சொல்லிக்கொண்டேன். இவள் போய்விடக் கூடாது.

நிதானமாகக் குளித்தாள். கதவு திறந்தது. தலையில் துண்டு சுற்றியிருந்தது. அடுப்படி வாசலில் வந்து நின்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை, மாரியம்மன் சத்தியமாகத் திறக்கவில்லை.

"மேலுக்குத்தான் அத்தை" என்றாள். கண் தரையில் இருந்தது. "முடி நனஞ்சிரக் கூடாதுன்னுதான் துண்டு கட்டுனேன். தலைக்கு ஊத்தல."

"நான் கேக்கலையே தாயி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் போகவில்லை. நான் சொன்னதை நம்பின மாதிரியும் தெரியவில்லை. அடுத்த கேள்வி என்னவோ என்று கையைப் பிசைந்துகொண்டு அங்கேயே நின்றாள். மாவைக் கரைக்கிற சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வித்யாவும் இதே வாசலில் இப்படித்தான் வந்து நின்றுவிட்டுப் போவாள். மரியாதை தெரிந்த பெண் என்று அப்போது அமுதாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.